8192 என்ற எண்ணும் ஓர் இடக்கையும்

"அத்தை, இதுல 2048னு போட்டிருக்கு, அதுல 8192னு போட்டிருக்கு. அப்ப அது நாலு மடங்கு நல்லாருக்கும்தானே?"

அண்ணன் மகள் தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது நான் அடுப்பில் பாலை வைத்திருந்தேன். பதில் சொல்லி முடிப்பதற்குள் பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்துவிட்டது என்பதிலிருந்து அந்தப் பதிலின் நீளத்தை ஊகித்துக்கொள்ளலாம். அவள் கல்லூரியில் முதலாண்டு காட்சித் தொடர்பியல் படிக்கிறாள். பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் பெரியவர்கள் கொடுத்த பணத்தைச் செலவழிக்காமல் சேர்த்து 5,000 ரூபாய் வைத்திருந்தாள். அந்தப் பணத்துக்குள், கணினியில் படம் வரைவதற்கான முதல் பென் டேப்லெட்டை வாங்க வேண்டும். சிறுவர் நூல்களுக்குப் படம் வரைவதையே தொழிலாகக் கொண்டவள் என்பதால் என்னிடம் கேட்டாள். எனக்கு இந்தப் பொருளில் முதலில் கிடைத்தது அறிவல்ல, அடி என்பது அவளுக்குத் தெரியாது.

பென் டேப்லெட் என்ற பெயரே குழப்பம் தருவது. கடையில் போய்க் கேட்டால் பாதிப் பேர் சிம் அட்டை போடும் டேப்லெட்டை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். நான் சொல்வது திரையில்லாத, சிலேட்டைப் போன்ற, கறுப்பான ஒரு மெல்லிய பலகை. யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, அதனுடன் வரும் பேனாவால் அதன்மேல் வரைந்தால், கோடு கணினித் திரையில் விழும். கை மேசையில் இருக்கும், கண் திரையில் இருக்கும். பலகையே திரையாகவும் இருக்கும் வகை ஒன்று உண்டு; அதில் வரைவது தாளில் வரைவதற்கு நெருக்கமானது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதன் விலை இதைப்போலப் பல மடங்கு. கூடவே படத்துக்கு ஒரு கம்பி, மின்சாரத்துக்கு ஒரு கம்பி, அதன்மேல் குனிந்தே இருப்பதால் வரும் கழுத்து வலி ஆகியவையும் சேர்ந்து வரும். 5,000 ரூபாய் வைத்திருப்பவர் அந்த வகையின் காணொளிகளைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருப்பது நேர விரயம். கைபேசிக்கு விற்கும் ரப்பர் முனைப் பேனாவும் வேண்டாம். அது விரலுக்கு மாற்றான ஒரு குச்சி மட்டுமே. மெல்ல வைத்தாலும் அழுத்தி வைத்தாலும் கைபேசிக்கு அது ஒன்றுதான்.

இனி அந்த எண்ணுக்கு வருகிறேன். 2048, 4096, 8192 என்று பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பது, பேனாவின் முனையில் விழும் அழுத்தத்தைக் கருவி எத்தனை படிகளாகப் பிரித்து அறிகிறது என்பதன் கணக்கு. 40 படப்புள்ளி (பிக்சல்) அகலமுள்ள ஒரு தூரிகையை எடுத்துக்கொண்டு, அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்கும்படி வைத்து வரைகிறோம் என்று கொள்வோம். 2048 படிகள் இருந்தால் ஒவ்வொரு படிக்கும் கோட்டின் அகலம் ஒரு படப்புள்ளியில் ஐம்பதில் ஒரு பங்கு மாறும். அதை எந்தக் கண்ணும் காணாது. நிறத்தின் அடர்த்தி மாறும்படி வைத்தாலும் இதே கதைதான்: நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் 8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு வெறுமையிலிருந்து முழுமை வரை இருப்பது 256 படிகள், 2048 என்பதே அதைப்போல எட்டு மடங்கு. இதற்குமேல் கூட்டிக்கொண்டே போவது, சாம்பாருக்கு உப்பை மில்லிகிராம் கணக்கில் நிறுத்துப் போடுவதைப் போன்றது.

பெட்டியில் இருக்கும் இன்னோர் எண்ணும் அப்படித்தான். ஓர் அங்குலத்துக்கு 2540 கோடுகள், 5080 கோடுகள் என்பார்கள். 2540 என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 100. அவளுடைய மடிக்கணினி, அவளுடைய அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. திரையின் குறுக்கே 1366 படப்புள்ளிகள். 152 மில்லிமீட்டர் அகலமுள்ள சின்னப் பலகை தன் குறுக்கே 15,200 இடங்களைப் பிரித்தறியும். அதாவது திரையின் ஒரு புள்ளிக்குப் பலகையில் பதினொரு இடங்கள். அந்தக் கணினிக்கு அதுவே மிகை.

உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது, பேனாவை எவ்வளவு மெல்ல வைத்தால் கோடு விழத் தொடங்குகிறது என்பது. சில பேனாக்களில் முனையைக் கொஞ்சம் அமுக்கினால்தான் கோடே எழும். அதில் புருவத்தையோ கன்னத்து நிழலையோ வரைய முடியாது, கை ஒரு மணி நேரத்தில் கடுத்துவிடும். அடுத்தது, கோடு நடுங்குகிறதா என்பது. இதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. பலகையின்மேல் ஓர் அளவுகோலைச் சாய்வாக வைத்து, அதன் விளிம்பை ஒட்டி மிக மெதுவாக ஒரு கோடு இழுக்க வேண்டும். நல்ல பலகையில் கோடு நேராக விழும். மட்டமான பலகையில் அது சீரான சிற்றலைகளாக நெளியும். வேகமாக இழுத்தால் மறைந்துபோகும் இந்த நெளிவு, பொறுமையாக வரையும்போது வந்து நிற்கும். இந்த இரண்டையும் பெட்டியில் அச்சிட முடியாது என்பதால்தானோ என்னவோ, 8192ஐ அச்சிடுகிறார்கள்.

என் அடியைச் சொல்கிறேன். 2013இல், தாளில் மையால் வரைந்து, ப்ரௌசிங் சென்டரில் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஸ்கேன் செய்து, பென் டிரைவில் போட்டுப் பதிப்பகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணின் பார்வைத் திசையை மாற்றச் சொன்னால்கூட முழுப் பக்கத்தையும் மறுபடி வரைய வேண்டும். அந்தச் சலிப்பில் சென்னைக்குப் போயிருந்தபோது ரிச்சி தெருவுக்குள் நுழைந்து, பழைய பொருள் விற்கும் ஒரு சிறு கடையில், பெரிய மேசை நாட்காட்டி அளவுக்கு இருந்த ஒரு பென் டேப்லெட்டைக் கண்டேன். பெரியதாக இருந்தது, மலிவாகவும் இருந்தது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கடைக்காரர் அதைத் தன் கணினியில் செருகிப் பேனாவை அசைத்துக் காட்டினார். திரையில் அம்புக்குறி நகர்ந்தது. "ஒர்க் ஆகுதுல்லம்மா, நல்லா பாத்துக்குங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து செருகினால் அம்புக்குறி நகர்ந்தது, கோடும் விழுந்தது, ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் ஒரே தடிமனில் விழுந்தது. அழுத்தத்தைப் படிப்பதற்கு அந்த நிறுவனத்தின் டிரைவர் மென்பொருள் வேண்டும். அது என்னுடைய விண்டோஸுக்கு முந்தைய பதிப்போடு நின்றுபோயிருந்தது. டிரைவர் இல்லாத பென் டேப்லெட், விலையுயர்ந்த கணினி எலிதான், அதாவது மவுஸ்தான். போதாக்குறைக்கு அதன் பேனாவுக்குள் சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவது போன்ற ஒரு பேட்டரி. அதன் கனத்தால் பேனாவின் பின்பக்கம் எப்போதும் கட்டைவிரல் இடுக்கை நோக்கிச் சாய்ந்துகொண்டே இருக்கும். அரை மணி நேரம் வரைந்தால் மணிக்கட்டு வலிக்கும். மேசையில் பலகையை வைத்தால் கணினிக்கு இடமில்லை. மடியில் வைத்து வரைந்து பார்த்தேன், கட்டிலில் கால் நீட்டி வைத்து வரைந்து பார்த்தேன். நான்கு மாதம் கழித்து அது பரணுக்குப் போனது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பேட்டரி இல்லாத பேனா என்பது ஏதோ மாயம்போலத் தோன்றினாலும் அதன் வேலை எளிமையானது. பலகையின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கம்பிச் சுற்றுகள் இருக்கின்றன. அவை மாறி மாறி ஒரு காந்தப் புலத்தை எழுப்பிவிட்டு, உடனே அமைதியாகிக் காது கொடுத்துக் கேட்கின்றன. பேனாவுக்குள் ஒரு சிறு கம்பிச் சுருளும் ஒரு மின்தேக்கியும் இருக்கின்றன. காந்தப் புலம் பட்டதும் அந்தச் சுற்று, ஒரு தந்தியை மீட்டினால் பக்கத்து வீணையின் ஒத்த தந்தி அதிர்வதைப் போல அதிர்ந்து, ஒரு மெல்லிய சைகையைத் திருப்பி அனுப்புகிறது. எந்தக் கம்பியில் அந்தச் சைகை பலமாகக் கேட்கிறதோ அங்கே பேனா இருக்கிறது. முனையை அழுத்தும்போது சுற்றின் அதிர்வெண் சற்று மாறும். அந்த மாற்றமே அழுத்தம். முனை பலகையைத் தொடாமல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் மிதக்கும்போதே பலகைக்கு அது தெரிந்துவிடுவதற்கும், உள்ளங்கை பட்டால் அது கண்டுகொள்ளாமல் இருப்பதற்கும் காரணம் இதுவே. கைக்குள் கம்பிச் சுருள் இல்லையே.

இந்த முறையில் நெடுங்காலம் முன்னணியில் இருந்தது 1983இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட வாகாம் நிறுவனம். காப்புரிமைகள் அதன் கையில் இருந்ததால் மற்றவர்களின் பேனாக்கள் பேட்டரியையோ சார்ஜையோ நம்பியிருந்தன. அந்த உரிமைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியான பின், 2010களின் பிற்பகுதியில், ஹியூயான், எக்ஸ்பி பென் போன்றவையும் பேட்டரியற்ற பேனாவை மலிவு விலைப் பலகைகளுடனேயே கொடுக்கத் தொடங்கின. ஆகவே இன்று வாங்குபவர் பேட்டரிப் பேனாவுக்குச் சம்மதிக்க வேண்டியதே இல்லை. பழைய பொருளாக வாங்குவதென்றால், அம்புக்குறி நகர்வதைப் பார்த்து மயங்காமல், மெல்லத் தொடங்கித் தடித்து மறுபடி மெலியும் ஒரு கோட்டைத் தன் கையாலேயே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும். அந்த மாதிரிக்கு இப்போதைய விண்டோஸுக்கான டிரைவர் நிறுவனத்தின் தளத்தில் கிடைக்கிறதா என்பதைக் கடைக்குப் போகும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

அளவைப் பற்றித்தான் அவளோடு நெடுநேரம் பேசினேன். பெரிய பலகையே நல்லது என்று நினைப்பது இயல்பு. ஆனால் அளவு என்பது மூன்று பொருள்களுக்கு இடையிலான உறவு: பலகை, திரை, வரைபவரின் கை. அவளுடைய 14 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 310 மில்லிமீட்டர். 160 மில்லிமீட்டர் அகலப் பலகையைத் திரை முழுவதற்கும் பொருத்தினால், கை ஒரு சென்டிமீட்டர் நகரும்போது கோடு இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். மணிக்கட்டையும் விரல்களையும் அசைத்து வரைபவர்களுக்கு இது போதும். அவள் அப்படித்தான் வரைகிறாள், சின்னச் சின்னதாக, நோட்டுப் புத்தக ஓரத்தில் வரைந்து பழகிய கை. திரை 24 அங்குலமாக இருந்தால் அதே ஒரு சென்டிமீட்டர் மூன்றுக்கும் மேலாகப் பெருகும், அப்போது சிறு நடுக்கமும் பெரிதாகித் தெரியும். அத்தகைய திரை வைத்திருப்பவர் 10 அங்குல அகலப் பலகையைத் தேடுவதே முறை.

எங்கள் தெருவில் சுவரெழுத்து எழுதும் ஓவியர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் வந்தவர் என் பலகையில் விளையாட்டாக எழுதிப் பார்த்தார். அவருக்குக் கை தோளிலிருந்து வரும். முதல் எழுத்தின் வளைவிலேயே பேனா பலகையைத் தாண்டிப் போய் மேசையில் எழுதிக்கொண்டிருந்தது. "இது தீப்பெட்டிக்கு லேபிள் எழுதறவங்களுக்குத்தான் ஆகும்" என்று சிரித்துவிட்டுப் போனார். அவருக்குச் சின்னப் பலகையை யாராவது மலிவு என்று பரிந்துரைத்தால் அது வீண் செலவே. வாங்குவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளில் வழக்கம்போல ஒரு முகத்தை வரைந்து, அது எத்தனை விரற்கடை அகலம் வருகிறது என்று அளந்து பார்த்தால், எந்த அளவுப் பலகை வேண்டும் என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அவள் பட்டியலில் இறுதியில் இரண்டு மிஞ்சின. ஒன்று, வாகாமின் "ஒன் பை வாகாம்" என்ற பலகையின் சிறிய அளவு, 152க்கு 95 மில்லிமீட்டர், 2048 படிகள். அதன் மூத்த பிரதியொன்றைத்தான் நான் 2019இலிருந்து வைத்திருக்கிறேன், ஒருநாளும் தொல்லை கொடுத்ததில்லை. டிரைவர் விஷயத்தில் வாகாம் எனக்குக் கொடுத்த நிம்மதியை வேறு எதுவும் கொடுத்ததில்லை என்பதும் என் அனுபவம். மற்றது ஹியூயானின் எச் 640 பி, 160க்கு 100 மில்லிமீட்டர், 8192 படிகள், பலகையின் ஓரத்தில் ஆறு பொத்தான்கள். இரண்டுமே அவளுடைய பணத்துக்குள் அடங்கின. என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு முதலாவதைத்தான் சொல்லியிருப்பேன், சொல்லவும் செய்தேன்.

அப்போதுதான் அவள், "அத்தை, நான் லெஃப்ட் ஹேண்டு, அதுக்கு எதுவும் தனியா வேணுமா?" என்று கேட்டாள். பதினெட்டு ஆண்டுகளாக அவள் இடக்கையால் சாப்பிடுவதற்கு அவளுடைய பாட்டியிடம் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் நான். அது எனக்குத் தோன்றவில்லை.

வலக்கைக்காரர் வரையும்போது இடக்கை சும்மா இருப்பதில்லை. அது விசைப்பலகையின் இடது ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு வேலை செய்கிறது. தப்பாக விழுந்த கோட்டை அழிக்கக் கன்ட்ரோலும் இசட்டும் ஒரே அசைவில் அங்கேயே கிடைக்கின்றன. ஒரு முகத்தை வரைந்து முடிப்பதற்குள் நான் அந்த இணையை நூறு முறையாவது அழுத்துவேன். இடக்கைக்காரருக்கு அந்த மூலை பேனா பிடித்த கையின் பக்கம் இருக்கிறது. வலக்கையைக் குறுக்கே நீட்டி அதை அழுத்துவதென்றால், கத்தரிக்கோலை மாற்றிப் பிடித்து வெட்டுவதுபோல ஒவ்வொரு முறையும் ஒரு சங்கடம். ஓரத்தில் பொத்தான்கள் உள்ள பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, டிரைவரில் 180 பாகை சுழற்றும்படி சொல்லிவிட்டால், பொத்தான்கள் வலப்புறம் வந்துவிடும். முதல் பொத்தானுக்கு அழிப்பையும் அடுத்ததற்குத் தூரிகையின் அளவைக் கூட்டுவதையும் கொடுத்துவிட்டால், வலக்கை நகரவே வேண்டியதில்லை. பொத்தான்களே இல்லாத என் பலகை அவளுக்கு உதவாது. வலக்கைக்காரியான நான் அந்த ஆறு பொத்தான்களை அதுவரை அலங்காரம் என்றே எண்ணியிருந்தேன்.

ஆக, 8192 என்று எழுதியிருந்த பெட்டியே அவள் வீட்டுக்குப் போனது, அந்த எண்ணுக்காக அல்ல என்றாலும். "நான்தான் முதல்லயே சொன்னேன்ல" என்று அவள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பெட்டி வந்த அன்றே சோதித்துவிடச் சொன்னேன். திருப்பி அனுப்பும் நாள் கடந்த பிறகு நெளியும் கோட்டைக் கண்டுபிடித்து ஒரு பயனும் இல்லை. வேறொரு பலகையின் டிரைவர் கணினியில் இருந்தால் முதலில் அதை நீக்கிவிட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் வேலை செய்யாமல் போகலாம். அவளுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. வந்தது வேறு. பேனாவை ஓரிடத்தில் வைத்து மெல்ல அழுத்தினால் கோடு விழாமல், முனையைச் சுற்றி ஒரு வளையம் தோன்றி, எலியின் வலது பொத்தானை அழுத்தியதுபோலப் பட்டியல் விரிந்தது. பலகை கெட்டுப்போய்விட்டது என்று அழாத குறையாக அழைத்தாள். அது விண்டோஸின் பழக்கம்: அழுத்திப் பிடித்தால் வலது சொடுக்கு என்று அது பேனாவைப் பற்றி எண்ணிக்கொண்டிருக்கிறது. பேனா அமைப்புகளில் அந்த ஒன்றை அணைத்தாலே போதும். வரையும் மென்பொருளில் அழுத்தம் வராவிட்டால், டிரைவரில் விண்டோஸ் இங்க் என்ற தேர்வுக்கு எதிரே உள்ள டிக் குறியை எடுத்தோ போட்டோ பார்க்க வேண்டும். மென்பொருளிலும் அதற்கு இணையான தேர்வை மாற்ற வேண்டும். புதிதாக வாங்கியவர்களிடமிருந்து எனக்கு வரும் முறையீடுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டோடு முடிந்துவிடும்.

அடுத்த நாள் இன்னொரு குறை. "வட்டம் போட்டா முட்டையா வருது அத்தை." பலகை 160க்கு 100, அதாவது பதினாறுக்குப் பத்து. திரை பதினாறுக்கு ஒன்பது. முழுப் பலகையையும் முழுத் திரைக்கும் பொருத்தினால், கிடைமட்டத்தில் ஏறத்தாழ 1.94 மடங்கும் செங்குத்தில் 1.74 மடங்கும் பெருகும். கை போட்ட வட்டம் திரையில் பதினொரு விழுக்காடு அகலமாகப் படுத்துவிடும். கண் இதை உடனே சொல்லாது, முகங்கள் எல்லாம் ஏன் சப்பையாக வருகின்றன என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டிருப்போம். டிரைவரில் வரையும் பரப்பைத் திரையின் விகிதத்துக்கு மாற்றினால் பலகையின் ஒரு விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் பட்டை செத்த நிலமாகிவிடும், ஆனால் வட்டம் வட்டமாக விழும். அந்த ஒரு சென்டிமீட்டரை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமே வரவில்லை. காசு கொடுத்து வாங்கிய இடம் அல்லவா.

மென்பொருளுக்குப் பணம் தேவைப்படவில்லை. கிரிட்டா என்ற இலவச மென்பொருள் ஓவியர்களுக்கென்றே செய்யப்பட்டது. தூரிகைகளும், கண்ணாடித் தாள்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையும் லேயர்களும், கோட்டின் நடுக்கத்தைத் தணிக்கும் வசதியும் அதில் இருக்கின்றன. அவளைத் தடுத்தது மடிக்கணினியின் 4 ஜிபி நினைவகம். ஏ4 தாளை அச்சுக்கு ஏற்ற அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளிகளாகத் திறந்தால் 2480க்கு 3508 படப்புள்ளிகள். ஒரு புள்ளிக்கு நான்கு பைட் என்று வைத்தால், முழுக்க நிறம் பூசிய ஒவ்வொரு லேயரும் ஏறத்தாழ 35 எம்பி எடுத்துக்கொள்ளும். இருபது லேயர் வைத்து வரைபவளுக்கு 700 எம்பி. விண்டோஸும் பத்துத் தாவல்கள் திறந்த உலாவியும் மிச்சத்தை விழுங்கியிருக்கும். கோடு கைக்குப் பின்னால் அரை நொடி தாமதித்து வருவதைப் பார்த்து அவள் பலகையைக் குறை சொன்னாள். ஏ5 அளவில் வரையச் சொன்னேன், உலாவியை மூடச் சொன்னேன். கோடு கையைப் பிடித்துவிட்டது. கணினியே இல்லாத அவளுடைய தோழியொருத்தி இதே பலகையை ஓடிஜி இணைப்பால் கைபேசியில் செருகி ஐபிஸ் பெயிண்ட் என்ற வரையும் செயலியில் வரைகிறாள். கைபேசியைச் செங்குத்தாக வைத்தால் பலகையின் ஒரு பகுதி மட்டுமே வேலை செய்யும் என்றாலும் விரலால் தேய்ப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

முதல் இரண்டு வாரம் கொடுமையானது என்பதை நான் மறைக்கவில்லை. நன்றாக வரையும் கைகூடப் பலகையில் ஐந்து வயதுக் குழந்தையின் கையாகிவிடும். அந்த நாள்களில் படம் வரைய வேண்டாம், எழுது என்றேன். நம் எழுத்துகளைவிட நல்ல பயிற்சி இதற்கு இல்லை. "இ" என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு சுழியில் தொடங்கி, வளைந்து ஏறி, இறங்கி, நீண்ட கோடாகி முடிகிறது, கையும் கண்ணும் ஒத்துப்போகாவிட்டால் எங்கே பிசகுகிறது என்பதை அந்த ஓர் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். "ஐ" எழுதினால் சுழிகள் ஒன்றோடொன்று மோதும். ஆய்த எழுத்தை மூன்று சிறு வட்டங்களாகப் போட்டால் விகிதம் சரியாக இருக்கிறதா என்பது தெரியும். பலகையை மடிக்கணினியின் பக்கவாட்டில் சாய்வாக வைத்துக்கொண்டு எழுதினால் வரியே மேல்நோக்கி ஏறும். திரையின் நடுவுக்கு நேராக, அதன் விளிம்புக்கு இணையாக வைக்க வேண்டும். அவள் முதல் நாள் அனுப்பிய "இ" ஒரு நசுங்கிய தேள்போல இருந்தது. பதினோராம் நாள் அனுப்பியதில் அவளுடைய நோட்டுக் கையெழுத்தை என்னால் அடையாளம் காண முடிந்தது.

சில்லறைச் செலவுகளில், விலை வைத்து விற்கும் இரண்டு விரல் கையுறை தேவையில்லை. மதுரையின் சித்திரை வெயிலில் உள்ளங்கை வேர்த்துப் பலகையில் ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மைதான். பழைய பருத்திக் காலுறையின் மேல்பகுதியை வெட்டி மாட்டிக்கொண்டால் போதும், நான் ஆறு ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறேன். நல்ல கம்பி ஒன்றுக்குச் செலவழிக்கலாம், பலகையில் முதலில் தளர்வது கம்பி செருகும் இடம். மூடி வைக்கும்போதெல்லாம் பலகையைக் கம்பியில் தொங்கவிட்டுத் தூக்கும் பழக்கத்தை விட்டுவிட்டால் அதுவும் நெடுநாள் வரும். மாற்று நிப்புகள் பெட்டியிலேயே கிடைத்தன. பலகையின் மேற்பரப்பில் தாளின் சொரசொரப்பு இருப்பதால் நிப் தேயும், அழுத்தி வரைபவர்களுக்கு விரைவாகவே தேயும். சரிந்து கூர்விளிம்பாகிவிட்ட நிப்பை மாற்றாமல் விட்டால் பலகையில் கீறல் விழும்.

ஐந்து மாதம் கழித்து, தீபாவளிக்கு வந்தவள் பேனாவைக் கொண்டுவந்திருந்தாள். நிப்பைக் கழற்றத் தெரியவில்லையாம். பெட்டியோடு வந்த சிறு வளையத்துக்குள் முனையை விட்டுச் சாய்த்து இழுத்ததும் கழன்று உள்ளங்கையில் விழுந்தது, அரிசியைவிடக் கொஞ்சம் நீளமாக. நானும் என் மேசை இழுப்பறையிலிருந்து போன மாதம் கழற்றிய என் நிப்பைத் தேடி எடுத்து, இரண்டையும் வெள்ளைத் தாளின்மேல் அருகருகே வைத்தேன். என்னுடையது ஒரு பக்கமாகச் சரிந்து தேய்ந்திருந்தது. அவளுடையது அதற்கு நேர் எதிர்ப்பக்கம் சரிந்திருந்தது.

"ரெண்டையும் சேத்தா ஒரு கூரை மாதிரி இருக்கு அத்தை" என்றாள். தாளிலேயே அதன்கீழ் இரண்டு கோடு இழுத்து, ஒரு கதவும் போட்டாள்.